பள்ளிவாசலைக் கூட்டிய பெண்மணியும் நம் கடற்கரையும்

 

 எல்லா நிலையிலும் அல்லாஹ்வை அஞ்சி நடக்குமாறு முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்து கொள்கிறேன்.

இந்த வாரத் தலைப்பை நான் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு சிறுவன் எடுத்துக் கொடுத்தான்.

நோன்புப் பெருநாள் தொழுகையை நாம் கடற்கரைத் திடலில் தொழுதோம். குத்பா முடிந்தது. ஒருவரை ஒருவர் கட்டித் தழுவி வாழ்த்துச் சொன்னோம். பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு கொடுத்தோம். எல்லோரும் வீட்டுக்குப் போனோம். நானும் போனேன். மதியம் சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அனுப்பியவன் நம் மஹல்லாப் பையன். தினமும் அஸருக்குப் பிறகு அதே மணலில் கால்பந்து விளையாடுகிறவன். படத்தில் தண்ணீர் பாக்கெட்டுகள், தேநீர்க் கோப்பைகள், பாயசம் ஊற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் டம்ளர்கள், தொழுகைக்கு விரித்துவிட்டு அப்படியே விட்டுப்போன மெல்லிய பிளாஸ்டிக் விரிப்புகள். அலை வந்து சிலவற்றை உள்ளே இழுத்துக் கொண்டிருந்தது. கீழே ஒரே வரி: "ஹஜ்ரத், நாம தொழுத இடம்."

அவனுக்கு அன்று நான் பதில் அனுப்பவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மிம்பரில் நின்று சுத்தத்தைப் பற்றி எத்தனையோ ஜும்ஆக்களில் பேசியிருக்கிறேன். அந்தப் படத்துக்கு முன்னால் அந்தப் பேச்செல்லாம் எடையில்லாமல் போய்விட்டது.

சகோதரர்களே! மதீனாவில் பள்ளிவாசலைக் கூட்டிச் சுத்தம் செய்து வந்த ஒரு பெண்மணியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றிருக்கிறது. அவர் கறுப்பு நிறப் பெண்மணி. ஊரில் பெரிய குடும்பம் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு எதுவும் இல்லை. ஒரு நாள் அவர் இறந்துவிட்டார். இதற்காக நபி (ஸல்) அவர்களை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நினைத்துத் தோழர்கள் சொல்லாமலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். நபியவர்கள் அவரைக் காணாமல் விசாரித்தார்கள். இறந்த செய்தி தெரிந்ததும், எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கடிந்துகொண்டார்கள். அவருடைய கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே போய் அவருக்காகத் தொழுதார்கள்.

எத்தனையோ வேலைகளுக்கு நடுவில், படைகளும் தூதர்களும் வந்து போகும் ஊரில், துடைப்பம் பிடித்த ஒரு கை நின்றுபோனது அல்லாஹ்வின் தூதருக்குத் தெரிந்தது. சுற்றியிருந்தவர்கள் சின்ன விஷயம் என்று நினைத்தது அவர்களுக்குச் சின்னதாகப் படவில்லை.

இதோடு இன்னொரு செய்தியைச் சேர்த்து யோசித்துப் பாருங்கள். எனக்கு முன் எந்த நபிக்கும் கொடுக்கப்படாத ஐந்து சிறப்புகள் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அவற்றில் ஒன்று, பூமி முழுவதும் தொழுமிடமாக ஆக்கப்பட்டது. அப்படியானால் நாம் பெருநாள் தொழுத அந்த மணல் என்ன? நாம் நெற்றியை வைத்த அந்த இடத்தை யார் கூட்டுவது? நான் இங்கே ஃபத்வா சொல்ல வரவில்லை. பள்ளிவாசலின் சட்டங்கள் எல்லாம் கடற்கரைக்கும் பொருந்தும் என்று வாதிடவும் இல்லை. அந்தப் பெண்மணியை நேசிப்பதாகச் சொல்லும் நாம், அவர் செய்த வேலையைச் செய்ய ஏன் கூச்சப்படுகிறோம் என்பதுதான் என் கேள்வி.

கடலில் குப்பை எப்படிச் சேர்கிறது? பெரும்பகுதி கப்பலிலிருந்து விழுவதில்லை, நம் தெருவிலிருந்து போகிறது. நம் வீட்டு வாசலில் காற்றில் பறக்கும் உறை சாக்கடைக்குப் போகும். மழை வந்தால் சாக்கடை ஓடைக்கு, ஓடை முகத்துவாரத்துக்கு. கடலுக்கு ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவர் எறிந்த ஷாம்பு பாக்கெட்டும் ஒரு ஐப்பசி மழையில் கடலைப் பார்த்துவிடும். ஆண்டுக்குச் சுமார் 1.1 கோடி டன் பிளாஸ்டிக் கடலில் சேர்கிறது என்பது 2020இல் வெளியான ஒரு மதிப்பீடு. அது மக்குவதில்லை. வெயிலிலும் அலையிலும் உடைந்து உடைந்து பொடியாகிறது. பொடியை மீன் தின்கிறது. மீனை நாம் தின்கிறோம்.

கப்பலிலிருந்து வருவதும் உண்டு. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் 640 கொள்கலன்களோடு மூழ்கியது நினைவிருக்கும். அதிலிருந்து சிதறிய வெள்ளை நிறப் பிளாஸ்டிக் மணிகள் கேரளக் கரையோடு நிற்கவில்லை. கன்னியாகுமரிக்கும் தனுஷ்கோடிக்கும் வந்து ஒதுங்கின. பருப்பு அளவுதான் இருக்கும். மீன் முட்டை என்று நினைத்துப் பறவையும் மீனும் விழுங்கும். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 2021இல், கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோதும் இதே மணிகள் இலங்கைக் கரையை மூடின. இயந்திரத்தால் அள்ள முடியாத பொருள் அது. மணலைச் சல்லடையில் சலித்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டு முறையும் தன்னார்வலர்கள் வெயிலில் உட்கார்ந்து மணலைச் சலித்தார்கள்.

நிலத்திலும் கடலிலும் குழப்பம் வெளிப்பட்டதற்கு மனிதர்களின் கைகள் தேடிக்கொண்டதே காரணம் என்ற கருத்தை அர்ரூம் அத்தியாயத்தின் 41ஆம் வசனத்தில் அல்லாஹ் நமக்கு உணர்த்துகிறான். மனிதர்கள் திரும்பி வரவேண்டும் என்பதற்காக அவர்கள் செய்ததில் ஒரு பகுதியைச் சுவைக்கச் செய்கிறான் என்ற பொருளும் அதே வசனத்தில் வருகிறது. விரிவுரையாளர்கள் இதற்குப் பல விளக்கங்கள் சொல்லியிருக்கிறார்கள். பஞ்சம், பாவம், அநீதி என்று அவர்கள் விரித்த எல்லாமும் சரி. ஆனால் கடல் என்ற சொல்லைப் படித்துவிட்டு நம் ஊர்க் கடலைப் பார்க்காமல் போக என்னால் முடியவில்லை.

கடல் நமக்கு அந்நியமானதும் இல்லை. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம், பரங்கிப்பேட்டை என்று நம் முன்னோர் வாழ்ந்த ஊர்கள் பலவும் கடலை நம்பியே உண்டானவை. மரைக்காயர் என்ற பெயருக்குள்ளேயே மரக்கலம் இருக்கிறது என்று சொல்வதுண்டு. கடல் தந்த செல்வத்தில் பள்ளிவாசல் கட்டிய சமுதாயம் நாம்.

இந்த இடத்தில் சிலர் கேட்பார்கள்: "ஹஜ்ரத், குப்பை அள்ளுவது நகராட்சி வேலை. வரி கட்டுகிறோம். நாம் ஏன் அள்ள வேண்டும்?" நியாயமான கேள்வி. பதிலை ஒரு கப்பலில் தேடலாம். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஓர் உவமை புகாரியில் இருக்கிறது. ஒரு கப்பலில் சிலர் மேல்தளத்தில், சிலர் கீழ்த்தளத்தில். கீழே இருப்பவர்கள் தண்ணீர் எடுக்க ஒவ்வொரு முறையும் மேலே வர வேண்டியிருக்கிறது. மேலே இருப்பவர்களுக்கு ஏன் சிரமம், நம் பகுதியிலேயே ஒரு துளை போட்டுக்கொள்வோமே என்று நினைக்கிறார்கள். அவர்களை அப்படியே விட்டால் எல்லோரும் அழிவார்கள், கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள் என்று நபியவர்கள் விளக்கினார்கள். துளை போட்டவர் கெட்ட எண்ணத்தில் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். நல்லெண்ணத்தில்தான் போடுகிறார். பெருநாள் அன்று பாயசம் கொடுத்தவரும் நல்லெண்ணத்தில்தான் கொடுத்தார்.

நகராட்சியைக் கேட்க வேண்டியதைக் கேட்போம். அது மேல்தளத்துக்காரரின் கையைப் பிடிப்பது. நம் கையையும் யாராவது பிடிக்க வேண்டாமா?

இரண்டையும் சேர்த்துச் செய்து காட்டிய ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். மும்பையில் வெர்சோவா என்று ஒரு கடற்கரை. நீளம் இரண்டரை கிலோமீட்டர். அஃப்ரோஸ் ஷா என்ற இளம் வழக்கறிஞர் அதன் அருகே ஒரு வீட்டுக்குக் குடிவந்தார். சிறு வயதில் அவர் விளையாடிய கரை அது. ஜன்னலைத் திறந்து பார்த்தால் மணல் தெரியவில்லை. சில இடங்களில் ஆள் உயரத்துக்குப் பிளாஸ்டிக் குவிந்திருந்தது.

2015 அக்டோபரில் ஒரு வார இறுதியில் அவர் கையுறை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். கூட வந்தது ஒரே ஒருவர், பக்கத்து வீட்டில் வசித்த 84 வயதுப் பெரியவர். நன்றாக யோசியுங்கள். இரண்டரை கிலோமீட்டர் குப்பைக்கு முன்னால் இரண்டு பேர். அதில் ஒருவர் நம் கணக்கில் வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார வேண்டிய வயது. அல்லாஹ் நாடினால் பரக்கத் எங்கிருந்து தொடங்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

அடுத்த வாரமும் இறங்கினார்கள். அதற்கடுத்த வாரமும். கதவைத் தட்டி ஆள் கூப்பிட்டார்கள். மீனவர்கள் வந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள், அடுக்குமாடிக்காரர்களும் குடிசைவாசிகளும் ஒரே வரிசையில் குனிந்தார்கள். 85 வாரங்களில் 50 லட்சம் கிலோவுக்கு மேல் குப்பை வெளியேறியது. 2016இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு அஃப்ரோஸ் ஷாவுக்கு அதன் உயர்ந்த விருதை அளித்தது.

இங்கே முடித்தால் இது ஒரு வெற்றிக் கதை. நான் முடிக்கப் போவதில்லை, ஏனென்றால் எனக்குப் பிடித்தது விருதுக்குப் பிறகு நடந்ததுதான். 2017 நவம்பரில் வேலையை நிறுத்துவதாக அவரே அறிவிக்கும் நிலை வந்தது. சேர்த்து வைத்த குப்பை அள்ளப்படாமல் கிடந்தது, தொண்டு செய்ய வந்தவர்களுக்குத் தொல்லை கொடுக்கப்பட்டது. உலகம் பாராட்டிய மனிதருக்கே இந்த நிலை. பிறகு மறுபடியும் இறங்கினார்கள். 2018 மார்ச்சில் அந்த மணலிலிருந்து பங்குனி ஆமைக் குஞ்சுகள் குறைந்தது எண்பது வெளியே வந்து கடலை நோக்கி ஊர்ந்தன. சுமார் இருபது ஆண்டுகளாக அந்தக் கரை காணாத காட்சி. தன்னார்வலர்கள் இரவெல்லாம் காவல் இருந்து நாய்களிடமிருந்து அவற்றைக் காப்பாற்றி அனுப்பினார்கள்.

மழைக்காலம் வரும்போதெல்லாம் வெர்சோவாவில் மீண்டும் குப்பை வந்து ஒதுங்கத்தான் செய்கிறது. அதனால்தான் அவர்கள் ஓடைக்கரைக் குடியிருப்புகளுக்குப் போய், வீட்டுக்குள்ளேயே பிளாஸ்டிக்கைப் பிரித்து வைக்கச் சொல்லிக் கொடுக்கும் வேலையைத் தொடங்கினார்கள். அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது, கொஞ்சமாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவது என்ற பொருள்பட நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். தஹஜ்ஜுதுக்கும் குர்ஆன் ஓதுவதற்கும் நாம் இதை எடுத்துச் சொல்வோம். கடற்கரைக்கும் எடுத்துச் சொல்லலாம். ஒரு நாள் ஆயிரம் பேர் கூடிப் படம் எடுத்துவிட்டுப் போவதைவிட, பத்துப் பேர் வாராவாரம் வருவது மேல்.

இனி இளைஞர்களிடம் பேசுகிறேன். பெரியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டு என்றாலே பள்ளிவாசலில் முகம் சுளிக்கும் சிலர் உண்டு. நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அவரே அதில் கலந்துகொண்டவர். பயிற்சி கொடுக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நீண்ட தூரம். பயிற்சி இல்லாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறுகிய தூரம். எவ்வளவு நுட்பமான ஏற்பாடு பாருங்கள்! சக்திக்கு ஏற்ற தூரம் வைத்தார்கள், யாரையும் ஓரம்கட்டவில்லை.

அதே விளையாட்டு உணர்வைக் குப்பையின் பக்கம் திருப்பியவர்கள் ஜப்பானியர்கள். ஸ்போகோமி என்று ஒரு போட்டி அங்கே 2008இல் தொடங்கியது. கோமி என்றால் ஜப்பானிய மொழியில் குப்பை. அணி அணியாகப் பிரிந்து, குறித்த நேரத்துக்குள், குறித்த எல்லைக்குள் யார் அதிகம் பொறுக்குகிறார்கள் என்பதே ஆட்டம். ஓடக்கூடாது. தொட்டியில் ஏற்கெனவே போட்டதை எடுக்கக்கூடாது. நேரம் முடிந்ததும் வகை பிரித்து எடை போடுவார்கள். எல்லாக் குப்பைக்கும் ஒரே மதிப்பெண் கிடையாது. எடைக்கு எடை பார்த்தால் சிகரெட் துண்டுக்குத்தான் மிக அதிகம். காரணம் எளிது, பெரிய பாட்டிலை யாரும் எடுப்பார்கள், குனிந்து துண்டைப் பொறுக்க ஆள் வருவதில்லை. 2023 நவம்பரில் டோக்கியோவில் இதற்கு உலகக் கோப்பையே நடத்தினார்கள். 21 நாடுகளின் அணிகள் வந்தன, அணிக்கு மூன்று பேர். பிரிட்டன் அணி வென்றது.

குப்பை பொறுக்கக் கோப்பையா என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் முதலில் சிரித்தேன். நம் தெருவில் கிரிக்கெட் கோப்பைக்கு எத்தனை ஆயிரம் செலவாகிறது என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

விளையாட்டு வீரர்கள் வெறுமனே பொறுக்கியதோடு நிற்காமல், கேள்வி கேட்டு மாற்றிய வரலாறும் இருக்கிறது. இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் அலைச்சறுக்கு விளையாடிய சிலர், கடலில் விடப்பட்ட கழிவுநீரால் நோய்வாய்ப்பட்டார்கள். 1990இல் ஊர்க்காரர்களைக் கூட்டிக் கழிவுநீருக்கு எதிராக ஒரு சங்கம் தொடங்கினார்கள். அலைப்பலகையோடும் முகத்தில் நச்சுவாயு முகமூடியோடும் நாடாளுமன்ற வாசலுக்கே போய் நின்றார்கள். கடலில் மூழ்குகிறவனுக்குத்தான் கடல் நாறுவது முதலில் தெரியும். அவர்கள் சொன்னதை ஒதுக்கித் தள்ள முடியவில்லை. அந்தச் சங்கம் இன்றும் வேலை செய்கிறது.

லூயிஸ் பியூ என்ற நீச்சல் வீரர் இன்னும் ஒருபடி மேலே போனார். 2007இல் பனி உருகுவதை உலகுக்குக் காட்ட வட துருவத்தில் ஒரு கிலோமீட்டர் நீந்தினார். தண்ணீரின் வெப்பநிலை மைனஸ் 1.7 டிகிரி. பிறகு அண்டார்டிகாவின் ராஸ் கடலைக் காக்க அங்கேயும் நீந்திவிட்டு, உடன்பாட்டுக்குத் தயங்கி நின்ற ரஷ்யாவுக்குப் பலமுறை போய்ப் பேசினார். 2016இல் 24 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் சேர்ந்து 15 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான கடலைப் பாதுகாக்க ஒப்புக்கொண்டன. அதற்குப் பல ஆண்டுகள் உழைத்த அறிஞர்களும் அதிகாரிகளும் வேறு பலர். ஆனாலும் உறைநீரில் இறங்கிய ஒருவர் வந்து பேசும்போது எதிரில் இருப்பவர் கேட்கிற விதமே வேறு. 2022இல் அவர் செங்கடலைச் சவூதிக் கரையருகே இருக்கும் தீரான் தீவிலிருந்து எகிப்தின் ஹுர்கதா வரை 16 நாட்களில் நீந்தினார். அங்குள்ள பவளப்பாறைகளைக் காக்க வேண்டும் என்பதற்காக. உம்ராவுக்குப் போகும்போது ஜித்தாவில் விமானம் இறங்குகையில் ஜன்னல் வழியே நாம் பார்க்கும் அதே நீலக் கடல்தான். மூஸா (அலை) அவர்களின் வரலாற்றோடு சேர்த்து நாம் நினைக்கும் கடல். அதற்காக நீந்தியவர் நம்மவர் இல்லை. அதில் நமக்கு வருத்தமும் வேண்டாம், ஒரு பாடம் இருந்தால் எடுத்துக்கொள்வோம்.

இவையெல்லாம் தூரத்துக் கதைகள் என்றால் சென்னைக்கு வாருங்கள். 1988 முதல் கடலாமைகளைக் காக்கும் மாணவர் அமைப்பு ஒன்று அங்கே வேலை செய்கிறது. தை, மாசி, பங்குனி இரவுகளில், ஊர் தூங்கிய பிறகு, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் மணலில் நடப்பார்கள். மணலில் நடப்பது எவ்வளவு கடினம் என்று நடந்தவர்களுக்குத் தெரியும். கெண்டைக்கால் கழன்றுவிடும். பங்குனி ஆமை மேலே ஏறி வந்த தடத்தைத் தேடி, அது புதைத்துவிட்டுப் போன நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை எடுத்து, பாதுகாப்பான பொரிப்பகத்தில் மறுபடி புதைத்து, ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். ஏன் இத்தனை பாடு? குஞ்சு வெளிச்சத்தை நோக்கிப் போகும். ஒரு காலத்தில் கடல்தான் இரவில் வெளிச்சமான திசை. இன்று சாலை விளக்கைக் கடல் என்று நம்பி எதிர்த்திசையில் போய்ச் சாகிறது.

2025 ஜனவரியில் அதே கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை வலையில் சிக்கி, மூச்செடுக்க மேலே வர முடியாமல் மூழ்கியிருக்கலாம் என்று சொல்லப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நடந்தவர்கள் அந்த மாதம் பிணங்களை எண்ணிக்கொண்டு நடந்தார்கள். ஆனாலும் நடந்தார்கள். ஒரு பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் கொன்ற பெண்ணின் முடிவு என்ன, தாகத்தால் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் கூலி என்ன என்று நமக்குத் தெரியும். அதற்குமேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

சரி, நாம் என்ன செய்யப் போகிறோம்? ஜமாஅத் நிர்வாகிகளோடும் இளைஞர்களோடும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். வரும் ஞாயிறு ஃபஜ்ருக்குப் பிறகு திடலில் கூடுகிறோம். வெயில் ஏறுவதற்குள் இரண்டு மணி நேரம். பிறகு இன்ஷா அல்லாஹ் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு. முடிகிறவர்கள் வாராவாரம். கால்பந்து, கைப்பந்து, கிரிக்கெட் அணிகள் தனித்தனியாகப் பிரிந்து போட்டியாகச் செய்யலாம். சின்னக் குப்பைக்கே அதிக மதிப்பெண். தோற்ற அணி வென்ற அணிக்குத் தேநீர் வாங்கிக் கொடுக்கட்டும், கண்ணாடி டம்ளரில். குனிய முடியாத பெரியவர்கள் நிழலில் உட்கார்ந்து வகை பிரிக்கலாம். குதிரைப் பந்தயத்தில் இரண்டு தூரங்கள் இருந்ததை மறக்க வேண்டாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் திடலின் வடக்குப் பகுதி.

சில விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். செருப்பு அல்லது ஷூ இல்லாமல் வராதீர்கள், கண்ணாடித் துண்டு அதிகம். ஊசி, மருந்துக் கழிவு கண்டால் பிள்ளைகள் தொடக்கூடாது, பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். கரையில் காயும் வலை மீனவருடைய சொத்து. அறுந்து கிடப்பதுபோல் தெரிந்தாலும் அவர்களைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. அவர்கள் இந்தக் கரையின் பிள்ளைகள், நாம் விருந்தாளிகள். கடற்பாசி குப்பை இல்லை, அதை விட்டுவிடுங்கள். செத்த ஆமை கிடந்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். சேரும் மூட்டைகளை அன்றே எடுத்துச் செல்ல நகராட்சியில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. வெர்சோவாவில் மூட்டைகள் தேங்கிக் கிடந்த கதையைச் சும்மா சொல்லவில்லை.

படம் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. எடுங்கள். பத்துப் பேர் பார்த்து வருவார்கள் என்றால் நல்லதே. ஆனால் முதல் மூட்டை நிறைவதற்கு முன் கைபேசி வெளியே வர வேண்டாம். நிய்யத்தை அல்லாஹ் பார்த்துக்கொள்கிறான்.

இன்னொன்று, பொறுக்குவதைவிட முக்கியமானது. ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகையும் அதே திடலில்தான். இந்த முறை பிளாஸ்டிக் விரிப்பு விற்க அனுமதி இல்லை, வீட்டிலிருந்து முஸல்லாவோ பாயோ கொண்டு வாருங்கள். தண்ணீர், குடத்திலும் எவர்சில்வர் டம்ளரிலும். பாயசம் கொடுக்க விரும்பும் சகோதரர்கள், தயவுசெய்து டம்ளர் கழுவ நான்கு ஆட்களையும் ஏற்பாடு செய்துகொண்டு கொடுங்கள். அந்த நான்கு பேரின் கூலி பாயசத்தின் கூலிக்குக் குறையாது என்று அல்லாஹ்விடம் ஆதரவு வைப்போம்.

நேற்று இஷாவுக்குப் பிறகு அந்தப் பையனுக்குப் பதில் அனுப்பினேன். "ஞாயிறு ஃபஜ்ருக்குப் பிறகு வா தம்பி. உன் அணியையும் கூட்டிக்கொண்டு வா" என்று எழுதினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: "எத்தனை சாக்கு வேணும் ஹஜ்ரத்?"

நாற்பது என்று சொல்லியிருக்கிறேன். வீட்டில் காலி அரிசிச் சாக்கு இருப்பவர்கள் நாளை மஃரிபுக்குள் பள்ளிவாசலில் முஅத்தினிடம் கொடுத்துவிடுங்கள்.